வெளியூர் மாமாவுக்கு மக்கள் தொடர்பு நிறுவனம் தேடிய விவரம்

என் உடன்பிறந்த தங்கைக்கு, உன் சின்னண்ணன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிற கடிதம். இங்கே எல்லாரும் உயிரோடும் ஓரளவு பேச்சுவார்த்தையோடும் இருக்கிறோம். அங்கே நீயும் உன் முழங்கால்களும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் தன்னைத் தப்பாக நினைப்பார்கள் என்று சொல்லி மருமகள் எல்லாவற்றையும் அச்சுத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். ஆகவே இதில் மரியாதையாக இருப்பதெல்லாம் அவளுடையது, விஷயம் மட்டும் என்னுடையது.

ஆற்றுப் பாலம் வெள்ளத்தோடு போன வருஷம், தபால்காரர்களுக்கு அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டை வந்த வருஷம், சினிமாக் கொட்டகையின் கூரையில் தீப்பிடித்தும் முடிவைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்று முன்வரிசைக்காரர்கள் அடம்பிடித்த வருஷம், நீ அடிபம்பின் கைப்பிடியில் மோதி முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டு அதற்கு நான்தான் காரணம் என்று அப்பாவிடம் சொன்ன வருஷம். அந்த வருஷம்தான் பெரியண்ணன் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற தொழிலை ஆரம்பித்தார். அதை இந்த வருஷம் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். இந்த மாத முடிவுக்குள் கடைக்கு ஒரு பி.ஆர். ஏஜென்சி அமர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் நமக்குப் போட்டியாக மருந்தடிக்கிற கரப்பான் வண்டிக்காரரிடம் கடையை விற்றுவிட வேண்டும் என்று என் மகன் சொல்லிவிட்டான். நீ போனில், "விக்கிறதுன்னா வித்துத் தொலைங்கண்ணே, என்னை விடுங்க" என்று கத்திவிட்டு வைத்தாய். உன்னை விட முடியாது. ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் கடைச் சுவரில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாது என்று நம் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பெரியண்ணன் கண்ணை மூடினார். ஆகையால் நடந்ததைக் கேட்டுவிட்டு நீயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நம் தொழில்முறை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எழுதுகிறவளுக்குத் தெரியாது, புரியாமல் எழுதினால் எங்காவது தப்பாகிவிடும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வீடு ஒரு வங்கி அதிகாரியுடையது. பெரியண்ணன் பித்தளைப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டப்பகலில் முன்வாசல் வழியாகப் போனார். பூச்சி செத்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் அந்த வீட்டு நாற்காலியில் உட்காரவில்லை, வந்தவர்களெல்லாம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள், அதிகாரி மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். அடுத்ததாகக் கூப்பிட்ட அம்மாள், "வாங்க, ஆனா மருந்தடிக்க வர்ற மாதிரி வராதீங்க" என்று சொல்லியனுப்பினாள். பெரியண்ணன் யோசித்தார். பம்பைக் கழற்றித் தோல்பெட்டிக்குள் வைத்தார், தன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டார், பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர் மாதிரி வியர்வையோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவளல்ல. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில், "வாங்க மாமா! வர்றேன்னு ஒரு வரி எழுதிப் போடக் கூடாதா? அத்தை எங்க, கூட்டிட்டு வரலையா?" என்றாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது தொழில்.

அன்றிலிருந்து நாம் எந்த வீட்டுக்கும் ஆட்களாகப் போகவில்லை, உறவாகத்தான் போனோம். பெரியண்ணன் பெரியப்பா, நான் மாமா, நம்மோடு வேலைக்கு இருந்தவர்களில் டிரைவர் சித்தப்பா, மீசைக்காரர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர், பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் நீ அத்தை. மருந்து வாசனையை யாராவது கேட்டால் மூட்டுவலித் தைலம். வீட்டுப் பிள்ளைகளிடம் என்ன வகுப்பு என்று கேட்க வேண்டும், பதிலைக் காதில் வாங்கக் கூடாது. கிளம்பும்போது வாசலில் நின்று குறைந்தது மூன்று தடவையாவது "அப்ப நான் வரட்டுமா" என்று சொல்ல வேண்டும், ஒரே தடவையில் கிளம்புகிறவனை யாரும் சொந்தக்காரன் என்று நம்ப மாட்டார்கள் என்பது பெரியண்ணனின் கணிப்பு. இதில் சங்கடங்களும் இருந்தன. வாய்க்கால் தெரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு நடந்துகொண்டிருக்கும்போது நான் பெட்டியோடு போய் நின்றேன். "மாமா வந்துட்டார், அவர் சொல்றதுதான் முடிவு" என்று ஒருவன் ஆரம்பித்தான், அக்கம்பக்கத்தார் ஆமாம் போட்டார்கள், நான் யாரென்று தெரிந்த, என்னைக் கூப்பிட்டனுப்பிய அந்த வீட்டு அம்மாளுக்கோ வாயைத் திறக்க முடியவில்லை. கூடத்தின் நடுவே சுவர் எழுப்பச் சொன்னேன். இன்றுவரை அந்தச் சுவர்ப்படிதான் குடியிருக்கிறார்கள், சண்டை கிடையாது.

இப்போது கரப்பான் வண்டிக்காரர் வந்துவிட்டார். நீ அந்த வண்டியைப் பார்த்ததில்லை. கூரைமேல் ஒரு கன்றுக்குட்டி அளவுக்குப் பிளாஸ்டிக் கரப்பான் மல்லாந்து கிடக்கிறது, வண்டி ஓடும்போது அதன் மீசை காற்றில் ஆடுகிறது. கூப்பிட்டால் உடனே வருகிறது. நமக்கோ போன் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது, அடித்தாலும் தவறான நம்பர். என் மகன், "இப்பல்லாம் பூச்சிக்கு யாரும் வெட்கப்படுறதில்லப்பா. நம்மள யாருக்கும் தெரியல, அதான் கஷ்டம். ஒரு பி.ஆர். ஏஜென்சி பிடிப்போம்" என்றான். அப்படியென்றால் விளம்பரமா என்று கேட்டேன். "விளம்பரம்னா நம்மளப் பத்தி நாமளே சொல்றது. பி.ஆர்.னா மக்கள் தொடர்பு, நம்மளப் பத்தி மத்தவங்களைச் சொல்ல வைக்கிறது." "மத்தவங்க சொல்லக் கூடாதுன்னுதானேடா நமக்குக் கூலி?" என்றேன். கடையை எடுத்துக்கொண்டால் எனக்கும் ஒரு வேலை போட்டுத் தருவதாகக் கரப்பான் வண்டிக்காரர் சொல்லியிருக்கிறாராம். உடுப்பின் முதுகில் கரப்பான் படம் இருக்குமாம். இதைக் கேட்ட பிறகுதான் ஏஜென்சி பார்க்கக் கிளம்பச் சம்மதித்தேன்.

வெளியூர்க் கம்பெனி வேண்டாம், உள்ளூர்தான் வேண்டும் என்பதில் மகன் உறுதியாக இருந்தான். "உள்ளூர்னா பேப்பர்காரங்களைத் தெரியும், தெரு தெரியும், ஆளுங்களைத் தெரியும்ப்பா." எனக்கு அதுதான் பயம். முதலில் போனது ஊரிலேயே பெரிய ஏஜென்சி. எல்லாச் சுவரும் கண்ணாடி, எது கதவு என்று தெரியாமல் இரண்டு இடத்தில் நெற்றியில் இடித்துக்கொண்டேன். உட்காரச் சொன்ன நாற்காலி என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. கோட்டுப் போட்டவர் ஒருவர் வந்து, திருப்தியடைந்த வாடிக்கைக்காரர்கள் கொஞ்சம் பேரைச் சொல்லுங்கள், அவர்களைப் பேச வைத்துப் படம் எடுப்போம் என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். "ஞாபகம் இல்லையா?" என்றார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, எந்த வீடு, எந்தக் கட்டில், எந்தக் கால் என்று கூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்றேன். "ஒரே ஒருத்தராவது?" என்று சிரித்தார். சிரித்தபோதுதான் தெரிந்தது. மரக்கடைக்குப் பின்னால் இருந்த வீடு, இரட்டைக் கட்டில், தலைமாட்டுப் பலகையின் இடுக்கு. தொட்டிலில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது இந்தக் கோட்டுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். "பல்லு அப்படியே உங்கப்பா பல்லு" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்பாவை எப்படித் தெரியும்?" என்றார். என்னம்மா சொல்வது? "சொந்தம்" என்றேன். "எந்த வழியில?" "அம்மா வழியில." அவர் அங்கேயே போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்து, தாயாரைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஒரு விநாடி கூடத் தயங்கவில்லை. "யாரு, தைலம் தேய்ச்சிக்கிற அண்ணனா? ஐயோ, நல்லா இருக்காரா? முழங்கால் வலி தேவலையான்னு கேளு. எத்தனை வருஷம் ஆச்சு! உனக்கு மாமாடா அவரு, எழுந்து நில்லுடா!" என்றாள். கோட்டு எழுந்து நின்றது. அறையில் இருந்த மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். நாற்பது வருஷம் கழித்தும் பிசகாத அந்த வாயை நினைத்து எனக்குக் கண் கலங்கியது, மகன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் அந்த அம்மாள், "சொந்தக்காரங்ககிட்ட வியாபாரம் வெச்சுக்காதே, நாளைக்கு மனஸ்தாபம் வரும். சாப்பாடு போட்டு அனுப்பு" என்றாள். சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

இரண்டாவது தாடிக்காரர். அவருக்கு அலுவலகம் கிடையாது, போன்தான் அலுவலகம், வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவில் என்னை உட்கார வைத்து, எழ வைத்து, சாய வைத்து, கன்னத்தில் கை வைக்க வைத்து, போட்டோவாக எடுத்துத் தள்ளினார். என் முகத்தைப் பெரிய சாலையில் பலகையாக வைத்து, கீழே பூச்சித் தாத்தா என்று எழுதப்போகிறாராம். நான் மறுத்துவிட்டேன். நீயே சொல், என் முகம் அங்கே நின்றால் எத்தனை வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள், "இது உங்க மாமாதானே?" என்று கேட்பார்கள். எத்தனை வீட்டு மானம் ஒரே பலகையில் போகும். தாடிக்காரர், "தாத்தா, நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார். அது போகட்டும். படம் இயற்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு கண்ணாடிப் புட்டியில் உயிரோடு பூச்சி கொண்டுவந்திருந்தார் அந்த மனிதர். போகும்போது புட்டியை எடுத்துக்கொண்டு போனார். மூடியை மட்டும் சோபாவில் விட்டுவிட்டுப் போனார். (இந்த இடத்தில் மருமகள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் திட்டிவிட்டு வந்தாள்.)

அதன் பலனை இரண்டு வாரத்தில் அனுபவித்தோம். நம் வீட்டுக்கு நாமே மருந்தடிக்க வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுக்காரி எந்நேரமும் ஜன்னலில்தான் இருப்பாள். வேறு வழியில்லாமல் நான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, பின்சந்து வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றேன். மருமகளும் சொல்லிக்கொடுத்தபடி, "வாங்க மாமா, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றாள். எதிர்வீட்டுக்காரி, "என்னங்க, இப்பத்தானே உள்ள பல் விளக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

மூன்றாவது, தையல்கடை மாடியில் ஒரு பெண் தனியாக நடத்துகிற ஏஜென்சி. ஒரே அறை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல், கீழேயிருந்து தையல் மெஷின் சத்தம். பள்ளிக்கூடத்துக்குச் செய்கிறாள், பல் ஆஸ்பத்திரிக்குச் செய்கிறாள், காணாமல் போன நாய்களுக்கும் செய்கிறாளாம். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். "முகமும் வேண்டாம், பேரும் வேண்டாம்ங்கய்யா. ஒரு பெட்டி படம், கீழ ஒரு போன் நம்பர். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க" என்றாள். பெரியண்ணனே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மகன் முகத்திலும் வெளிச்சம். அப்போது அவள், "பேசிக்கிட்டே இருக்கோமே, எங்க வீட்டுலயே மூட்டைப்பூச்சி இருக்குங்கய்யா, எப்ப வர்றீங்க?" என்றாள். ஜன்னல் திறந்திருந்தது தங்கச்சி. குரலைத் தாழ்த்தக் கூட இல்லை. கீழேயிருந்து தையல்காரர், "அக்கா, நம்ம கடை பெஞ்சுலயும் இருக்கு, அப்படியே சொல்லிடுங்க!" என்று மேலே கத்தினார். நான் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினேன். "என்னங்கய்யா, பூச்சிதானே, நாங்க என்ன கொலையா பண்ணிட்டோம்?" என்று சிரிக்கிறாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். முறைப்படிதான் போனேன், பெட்டி, சட்டை, வியர்வை எல்லாம். வாசலில் அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டு, "பஸ்ஸு ஒரே கூட்டம்மா. அத்தைதான் உன்னைப் பார்க்கணும்னு துடிக்கிறா" என்றேன். அவள் என்னைக் காட்டி, "இவருதாங்க, பூச்சி மருந்து அடிக்க வந்திருக்கார்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "அப்படியா, முடிச்சிட்டு நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். ஒருத்தி கூட முகம் சுளிக்கவில்லை. யாரும் நின்றுகொண்டு பேசவில்லை, நாற்காலி கொண்டுவந்து போட்டு அதில் அவர்களே உட்கார்ந்தார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் மருந்தடித்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று "அப்ப நான் வரட்டுமா" என்றேன், முதல் தடவையிலேயே "சரி" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். மகன் சொன்னது சரிதான் என்று தோன்றியது. மறைக்கிறவர்களுக்காக ஏற்பட்ட தொழில் இது. மறைக்க ஆளே இல்லாதபோது ஏஜென்சி வைத்து யாருக்குச் சொல்வது, என்ன சொல்வது? அந்தப் பெண் நல்லவள், கெட்டிக்காரி, அவளால் தேறாத கடை எவராலும் தேறாது. ஆகவே ஏஜென்சி வேண்டாம் என்றும் கரப்பான் வண்டிக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்றும் முடிவு செய்திருக்கிறேன். முதுகில் கரப்பானோடு நான் போக மாட்டேன், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். இன்று சாயங்காலம் பேசி முடிக்க அவரே வருகிறார். உனக்கும் சம்மதம்தான் என்று ஒரு வார்த்தை மகனுக்குச் சொல்லிவிடு. பெரியண்ணன் இருந்தால் என்ன சொல்வாரோ என்று கேட்காதே, அதை நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கட்டும். மாப்பிள்ளையின் இருமல் அவரை விட்டுப் போகட்டும், அவர் உன்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும். மழையில் வெளியே போகாதே.

இப்படிக்கு, உன் சின்னண்ணன். கைநாட்டு கீழே இருக்கிறது, மை கொஞ்சம் கூடிவிட்டது.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. யாருக்கும் சம்மதம் சொல்லாதே. கரப்பான் வண்டிக்காரர் வந்துவிட்டுப் போனார். வண்டியில் வரவில்லை, நடந்து வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜைமேல் வைத்தார், என் மகனிடம் ஒரு நல்ல பேனா இருக்கிறதா என்று கேட்டு அவனை உள்ளே அனுப்பினார். அனுப்பிவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "ஐயா, நீங்க இன்னும் மாமாவாப் போறதுண்டா?" என்றார். யார் வீட்டுக்கு என்றேன். "எங்க வீட்டுக்குத்தான்." "உங்ககிட்டதான் வண்டியே இருக்கே?" என்றேன். "அந்த வண்டியை எங்க வீட்டு வாசல்லயே நிறுத்தச் சொல்றீங்களா? அந்தத் தெருவுல எம் பொண்டாட்டிக்கு ஒரு பேரு இருக்குங்கய்யா!" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். வாய் திறந்ததும் எல்லாம் கொட்டியது. அவர் வாடிக்கைக்காரர்களில் கால்வாசிப் பேர், அதிலும் பெரிய வீடுகள், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார்களாம். கரப்பானைத் துணி போட்டு மூடிப் பார்த்தாராம். "மூடினா பொணம் மாதிரி இருக்குங்கய்யா, இன்னும் கூட்டம் கூடுது." அப்படிப்பட்டவர்களையெல்லாம் காதோடு காதாக நம்மிடம் அனுப்பிவிடுகிறாராம், கடையை மட்டும் விற்கக் கூடாதாம். மகன் பேனாவோடு வந்தபோது தாள் அவர் சட்டைப்பைக்குள் போயிருந்தது. ஏஜென்சி அமர்ந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். யார் என்றான். ஊர் முழுக்கச் சுற்றுகிறதே, கூரைமேல் மல்லாந்துகொண்டு, அதுதான் என்றேன்.

ஒரே ஒரு சிக்கல். அவர் மனைவிக்கு மாமா முறையில் ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்களாம், தெருவுக்கே அவர்கள் முகம் தெரியுமாம். பெரியப்பா, சித்தப்பாவும் அப்படியே. அத்தை மட்டும்தான் காலியாக இருக்கிறதாம். நான் யாரை அனுப்புவேன்? பெரியண்ணன் போய்விட்டார். மீசைக்காரர் போனார். டிரைவர் போனபோது நாம் பார்த்தே இராத பெண்கள் சிலர் வந்து, சித்தப்பா என்று அழுது, யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அத்தை வேஷம் எனக்குப் பொருந்தாது என்பதை மருமகள் எழுத மறுக்கிறாள், நான் வற்புறுத்தித்தான் எழுதுகிறாள். எண்ணிப் பார்த்துவிட்டேன் தங்கச்சி. உயிரோடு இருக்கிற அத்தை நீ ஒருத்திதான்.